பதின்மூன்றாம் குரோமோசோமில் காணாமல் போன துண்டு

சிஎல்எல் என்ற ரத்தப் புற்று பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. அவர்களுடைய ரத்தத்தை ஸ்லைடில் இழுத்துச் சாயமேற்றினால், நிணநீர்ச் செல்களுக்கு நடுவே இழுத்த வேகத்தில் நசுங்கிய செல்கள் ஊதாக் கறைகளாகத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே என் வேலைக்காலம் கழிந்ததால் அந்தக் கறைகள் எனக்குக் கண்பழக்கம். அடுத்தது ஃபிஷ் சோதனை. 13ஆம் குரோமோசோமின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தை ஏற்றி, இருட்டறையில் புள்ளிகளை எண்ணுவோம். நல்ல செல்லில் இரண்டு புள்ளி இருக்கும். அந்த இடம் அறுந்துபோன செல்லில் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் அந்த இடத்தை இழந்தவர்கள்.

அறுந்த துண்டில் புற்றை அடக்கும் மரபணு இருந்திருக்க வேண்டும் என்று 1990களில் பல குழுக்கள் தேடின. தேடியதெல்லாம் புரதம் செய்யும் மரபணுவை. கிடைத்த ஒவ்வொன்றையும் நோயாளிகளிடம் சோதித்து, இதில் பழுதில்லை என்று எழுதி வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைகளை இன்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டு. அங்கே இல்லை என்று அவர்கள் நேர்மையாகச் சொல்லியிராவிட்டால், வேறு வகைப் பொருளைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பிலடெல்பியாவில் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் கார்லோ குரோசேயும், ருமேனியாவிலிருந்து வந்து அவருடன் சேர்ந்த ஜார்ஜ் காலினும் அறுந்த இடத்தின் எல்லையைச் சுருக்கிச் சுருக்கிச் சுமார் 30,000 டிஎன்ஏ எழுத்துகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குள்ளும் புரத மரபணு சிக்கவில்லை.

விடைக்கு வழி ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவிடமிருந்து வந்தது. 1993இல் விக்டர் அம்ப்ரோஸ் குழு, அந்தப் புழுவின் லின்-4 மரபணு புரதம் செய்வதில்லை, 22 எழுத்து நீளச் சிறு ஆர்என்ஏவைத்தான் செய்கிறது என்று காட்டியது. அது வேறொரு மரபணுவின் செய்தி ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைத்துவிடும் என்பதை அந்தக் குழுவும் கேரி ருவ்குன் குழுவும் காட்டின. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்று மற்ற ஆய்வாளர்கள் அதை ஒதுக்கினார்கள். 2000இல் லெட்-7 என்ற இன்னொரு சிறு ஆர்என்ஏ மனிதரிடமும் இருப்பது தெரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. மறுவருடம் மனிதச் செல்களில் உள்ள இத்தகைய சிறு ஆர்என்ஏக்கள், மைக்ரோஆர்என்ஏ என்ற பெயரில், பட்டியலாக வெளிவந்தன. அதில் இருந்த மிர்-15, மிர்-16 இரண்டும் சரியாக அந்த 30,000 எழுத்துகளுக்குள் உட்கார்ந்திருந்தன. சோதித்த சிஎல்எல் நோயாளிகளில் ஏறத்தாழ 68 சதவீதத்தினரிடம் அவை அறுந்தோ குறைந்தோ இருந்ததைக் குரோசேயும் காலினும் 2002இல் வெளியிட்டார்கள். மைக்ரோஆர்என்ஏவையும் புற்றையும் இணைத்த முதல் சான்று அது.

அவை எதை அடக்குகின்றன? செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்2 புரதத்தை என்று 2005இல் குரோசே குழு அறிவித்தது. அந்த மரபணுவை வேறொரு நிணநீர்ப் புற்றில் 1980களில் கண்டெடுத்ததும் அவரது குழுதான். 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிகளிடமிருந்து மிர்-15, மிர்-16 இரண்டையும் நீக்கியபோது, அவற்றில் சிலவற்றுக்குச் சிஎல்எல் போன்ற நோய் வந்தது. அறுந்த துண்டில் இருந்த புற்றடக்கிகள் இவைதானா என்ற என் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பிசிஎல்2ஐ நேரடியாக முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில், மிர்-34 என்ற மற்றொரு புற்றடக்கி மைக்ரோஆர்என்ஏவையே மருந்தாக ஏற்றிப் பார்த்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் பாதியில் நிறுத்தப்பட்டது.