பூஞ்சைகளின் கொழுப்பு அமிலங்கள்

பூஞ்சைகளில் கொழுப்பு அமிலங்கள் செல் சவ்வின் கட்டுமானப் பொருளாகவும் ஆற்றல் சேமிப்பாகவும் வேதிச் சமிக்ஞைகளின் மூலப்பொருளாகவும் பயன்படுகின்றன. 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமும், 18 கார்பன் கொண்ட ஸ்டீரிக், ஒலியிக், லினோலியிக் அமிலங்களும் இவற்றுள் முதன்மையானவை.

ரொட்டி ஈஸ்ட்டில் இவற்றைத் தயாரிக்கும் நொதித் தொகுதி ஆல்ஃபா, பீட்டா துணையலகுகள் ஆறாறு சேர்ந்தது. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பை உண்டாக்க ஆக்சிஜன் தேவை. எனவே ஆக்சிஜன் அறவே இல்லாத சூழலில் ஈஸ்ட் வளர, ஒலியிக் அமிலம் போன்றவற்றை வெளியிலிருந்து தர வேண்டும். குளிரில் பல பூஞ்சைகள் நிறைவுறா அமிலங்களைக் கூட்டிச் சவ்வின் நெகிழ்வைக் காக்கின்றன.

உபரி அமிலங்கள் டிரைகிளிசரைடாக மாறி எண்ணெய்த் துளிகளில் தங்குகின்றன. நெல் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து, இலைமேல் முளைக்கையில் இந்தச் சேமிப்பைச் சிதைக்கிறது. அப்போது சேரும் கிளிசரால் நீரை உள்ளிழுத்து, இலைத்தோலைத் துளைக்கும் அழுத்தத்தைத் தருகிறது. தாவர வேர்களில் வாழும் ஆர்பஸ்குலர் வேர்ப்பூஞ்சைகளோ இந்த அமிலங்களைத் தாமே தொடக்கத்திலிருந்து தயாரிக்க இயலாமல் தாவரத்திடமிருந்து பெறுகின்றன. இது 2017-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது.

லினோலியிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சிலிபின்களைத் தருகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸில் இவை பாலினப் பெருக்கத்துக்கும் பாலிலா வித்தாக்கத்துக்கும் இடையிலான சமநிலையைத் தீர்மானிக்கின்றன. காளானை நறுக்கும்போது எழும் தனி மணமும் இதே அமிலம் உடைந்து உருவாகும் 8 கார்பன் ஆல்கஹாலால் வருவது.

மார்ட்டியரெல்லா அல்பைனா பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் அராக்கிடோனிக் அமிலம் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படுகிறது.