வயல் உழுத எஞ்சினும் பந்தயம் ஓடிய காரும்

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை தாண்டி அம்பாறைக்குப் போகிற வீதியின் இரு பக்கமும் வட்டைகள்தான். பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் சிவப்பு மெஸி பெர்குசன் டிராக்டர்கள் சேற்றுக்குள் இறங்கி நிற்கும். அந்தச் சிவப்பு மெஸிக்கு முந்தியது சாம்பல் நிறப் பெர்குசன். 1950களில் பிரித்தானிய இளைஞர்கள் கூரையை மடக்கிவிட்டு விரட்டிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அந்தச் சாம்பல் மெசினுக்கும் ஒரே எஞ்சின் குடும்பம்.

கார்ப் பிரியர்களிடம் இன்று ஓயாமல் கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. டொயோட்டா சுப்ராவின் பொனட்டைத் திறந்தால் பிஎம்டபிள்யூ எஞ்சின், லோட்டஸைத் திறந்தால் டொயோட்டா எஞ்சின். முந்தியெல்லாம் ஒவ்வொரு கொம்பனியும் தன் எஞ்சினைத் தானே செய்தது, இப்போதுதான் எல்லாம் கலந்துபோயிற்று என்பார்கள். முந்திய காலமும் அப்படி இருக்கவில்லை. அதற்குச் சாட்சி தேடி இத்தாலிக்கோ ஜெர்மனிக்கோ போகவும் வேண்டாம், உழவு மெசினின் கதையே போதும்.

ஹரி பெர்குசன் வட அயர்லாந்துக்காரர். கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுக்காமல், மெசினோடு மூன்று புள்ளிகளில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். இன்றைய டிராக்டர்களின் பின்புறம் பெரும்பாலும் அவர் வகுத்த வழியில்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் பெரிய ஆலையும் இல்லை, சொந்த எஞ்சினும் இல்லை. 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டார். ஃபோர்ட் செய்வார், பெர்குசன் விற்பார். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் அந்தக் கைகுலுக்கல் காற்றில் போனது. பெர்குசன் வழக்குப் போட்டு, 1952இல் 92.5 இலட்சம் டொலருக்கு இணங்கினார்.

வழக்குக்கு முன்பே மறுபக்கம் அவருடைய மெசின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 1946இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில், பானர் லேன் ஆலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கொம்பனி அவருக்காக டிஇ20 டிராக்டரைச் செய்தது. முதல் மெசின்களில் இருந்தது அமெரிக்கக் கொன்டினென்டல் எஞ்சின். பிறகு ஸ்டாண்டர்ட் தன் நான்கு சிலிண்டர் எஞ்சினையே வைத்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் அந்தக் கொம்பனியின் வான்கார்ட் காரிலும் போனது. அதன் சிறப்பு, சிலிண்டருக்குள் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய லைனர். தேய்ந்தால் லைனரை மாற்றிக்கொள்ளலாம், பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஇ20கள் வெளிவந்தன.

ஸ்டாண்டர்ட் 1944இல் டிரையம்பையும் வாங்கியிருந்தது. எம்ஜியும் ஜகுவாரும் அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் விற்று டொலர் அள்ளுவதைப் பார்த்த கொம்பனித் தலைவர் சர் ஜான் பிளாக்குக்குத் தானும் ஒன்று செய்ய ஆசை. அதற்காகப் புதிதாக ஓர் எஞ்சினை யாரும் வடிவமைக்கவில்லை. வான்கார்ட் எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தை 85 மில்லிமீற்றரிலிருந்து 83க்குக் குறைத்தார்கள். கொள்ளளவு 1991 சிசிக்கு இறங்கியது. பந்தயங்களின் இரண்டு லீற்றர் வகுப்புக்குள் கார் அடங்கியது. இரண்டு கார்புரேட்டர் பூட்டி 90 குதிரைவலு எடுத்தார்கள். அதுதான் டிரையம்ப் டிஆர்2. 1953 மே மாதத்தில், பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில், கென் ரிச்சர்ட்சன் அதை மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

டிஆர்2க்குள் இருப்பது டிராக்டர் எஞ்சின் என்று கேலி பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பாதி உண்மை. காருக்கும் டிராக்டருக்கும் பொதுவாகப் பிறந்த எஞ்சின் அது. டிராக்டரில் அழுத்த விகிதம் குறைவு, சுழற்சி மெதுவு. மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளில் ஓடும் மெசினும் விற்றார்கள். காரில் அழுத்தம் கூடியது, சுழற்சி நிமிடத்துக்கு ஐயாயிரத்தை நெருங்கியது. பிளாக் ஒன்றாக இருந்தாலும் சுபாவம் வேறு. எஞ்சினைப் பகிர்ந்துகொண்டால் இரண்டு வண்டியும் ஒன்றாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சோடியைப் பார்த்தாலே போதும். மல்வேர்ன் ஊரின் சின்னக் கொம்பனியான மோர்கனும் 1950இலேயே வான்கார்ட் எஞ்சினை வாங்கித் தன் பிளஸ் 4 காரில் வைத்திருந்தது. மோர்கனையே வாங்கிவிடப் பார்த்தார் சர் ஜான் பிளாக், அவர்கள் கொடுக்கவில்லை. எஞ்சின் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

இங்கே, இலங்கையின் கிழக்கில், அதே ஆண்டுகளில் நிலமே மாறிக்கொண்டிருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலவில் மறித்து அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கொம்பனி அணை கட்ட, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. எருமைகள் மிதித்துச் சேறாக்கிய வயலுக்கும், எருமைகளே சூடு மிதித்த களவெட்டிக்கும் மெசின் வந்து சேர்ந்தது. உழுவதோடு நிற்காமல், பரப்பிய கதிரின் மேல் சுற்றிச் சுற்றி ஓடிச் சூடு மிதிக்கும் வேலையையும் டிராக்டரே எடுத்துக்கொண்டது.

சின்ன வயல்காரருக்கு லேண்ட்மாஸ்டர். அதை உருவாக்கியவர் ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர். 1950களில் அவர் வடிவமைத்த இருசக்கர மெசின் இங்கிலாந்தில் உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குப் போனது. குபோட்டா மெசின்கள் வந்த பிறகும் ஊர் இருசக்கர மெசினை லேண்ட்மாஸ்டர் என்றே கூப்பிடுகிறது. சுவையான சங்கதி, அந்த விஜேவர்தனவே பின்னாளில் உழவு மெசினைச் சந்தேகித்து, மண்ணைக் கிளறாத வேளாண்மையின் பக்கம் போய்விட்டார்.

பெர்குசன் 1953இல் கனடாவின் மெஸி ஹரிஸோடு சேர்ந்தார். 1958இல் பெயர் மெஸி பெர்குசன் ஆனது. அடுத்த ஆண்டே அந்தக் கொம்பனி, பீட்டர்பரோ நகரின் பெர்கின்ஸை வாங்கியது. ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932இல் தொடங்கிய அந்த ஆலையின் தொழிலே டீசல் எஞ்சின் செய்து பிறருக்கு விற்பதுதான். லொறிக்கும் படகுக்கும் டிராக்டருக்கும் அது கொடுத்தது. மெஸி 35இலும் 135இலும் துடித்த மூன்று சிலிண்டர் டீசல் அங்கிருந்து வந்தது. சென்னையில் சிம்சன் கொம்பனி, 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய அதே சிம்சன், பெர்கின்ஸ் எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்தது. அதன் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960இல் மெஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே கொம்பனியை நிறுவியது. ஆக, சென்னையில் செய்து கிழக்கிலங்கை வயலில் இறங்கிய மெஸியின் கலப்பைப் பூட்டு அயர்லாந்துக்காரர் மூளை, பெயரில் பாதி கனடா, எஞ்சினின் பூர்வீகம் பீட்டர்பரோ. இந்தக் கூட்டும் கடைசியில் மனக்கசப்பில்தான் போய் நின்றது. மெஸி பெர்குசனின் இன்றைய உரிமையாளரான அமெரிக்க ஆக்கோவும் டாஃபேயும் நீதிமன்றம் ஏறி, 2025இல் சமரசத்துக்கு வந்தன. இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்றிலும் மெஸி பெயர் டாஃபேக்கே சொந்தமானது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

சென்னையில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே எழுந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் வான்கார்ட், ஹெரால்ட் கார்களைக் கட்டிய ஆலை. 1985இல் அது ஸ்டாண்டர்ட் 2000 என்ற ஆடம்பரக் காரை இறக்கியது. உடம்பு பிரித்தானியாவின் ரோவர் எஸ்டி1. பிரித்தானியாவில் அந்த உடம்புக்குள் 3.5 லீற்றர் வி8 எஞ்சின் ஓடியது. சென்னையில் வைத்ததோ நாற்பது வயதை நெருங்கிய வான்கார்டின் வாரிசான 1991 சிசி எஞ்சின். டிஆர்2ஐ யாபெக்கேயில் பறக்கவிட்ட கொள்ளளவு, இந்தக் கனத்த காரை இழுக்க முடியாமல் திணறியது. விலையோ வானத்தில். 1980கள் முடியும் முன்னே அந்தக் கார் முடிந்தது. எந்த எஞ்சின் யாருடையது என்பதைவிட எந்த உடம்புக்கு எது என்பதே பெரிய கேள்வி என்று ரோவர்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய வி8 எஞ்சினே அமெரிக்கப் பியூக் கைவிட்டதுதான்; 1960களின் நடுவில் உரிமையை வாங்கி, தங்கள் கார்களிலும் ரேஞ்ச் ரோவரிலும் வைத்ததோடு மோர்கனுக்கும் கொடுத்தார்கள்.

டிராக்டர்க்காரர்களுக்கும் கார் ஆசை இருந்தது. பெர்குசனின் ஆய்வு நிறுவனம் செய்த நான்கு சக்கர இழுவைப் பந்தயக் கார் பி99இல், 1961இல் ஸ்டெர்லிங் மொஸ் ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணத்தை வென்றார். பெர்குசன் அதைப் பார்க்க இல்லை, முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். 1966இல் அதே முறையை ஜென்சன் எஃப்எஃப் கார் எடுத்துக்கொண்டது. அதன் எஞ்சின் அமெரிக்கக் கிரைஸ்லர் வி8. இத்தாலியில் ஃபெருச்சோ லம்போர்கினி முதலில் டிராக்டர் வியாபாரி. போரில் மிஞ்சிய பாகங்களையும் மொரிஸ் எஞ்சின்களையும் வைத்துத்தான் தன் முதல் டிராக்டர்களைக் கட்டினார். 1963இல் கார்க் கொம்பனி தொடங்கியவர் வி12ஐத் தன் வீட்டுச் சரக்காகவே செய்வித்தார். பிற்காலத்தில் அவுடியின் கைக்குப் போன லம்போர்கினியின் ஹுராகானும் அவுடி ஆர்8உம் ஒரே 5.2 லீற்றர் வி10ஐப் பகிர்ந்துகொண்டன.

வயலை விட்டுக் கடலுக்கு வந்தாலும் இதே கதைதான். சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் ஃபைபர் போட்டுகளின் பின்னால் தொங்கும் எஞ்சின்களில் யமஹா என்ற எழுத்து எங்கும் கண்ணில் படும். 2004 டிசம்பரில் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, பிழைத்தவர்கள் மறுபடி கடலுக்கு இறங்கியதும் இத்தகைய எஞ்சின்களோடுதான். அதே யமஹா 1967இல் டொயோட்டா 2000ஜிடி காரைத் தன் ஆலையிலேயே கட்டியது. டொயோட்டா கிரவுனின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இரட்டைக் கேம் ஷாஃப்ட் தலையைச் செய்ததும் யமஹாதான். லெக்சஸ் எல்எஃப்ஏயின் வி10இலும் அதன் கை உண்டு. 2004இல் லோட்டஸ் எலீஸுக்குப் போன 1.8 லீற்றர் டொயோட்டா எஞ்சினும் யமஹாவோடு சேர்ந்து உருவானது.

சுப்ரா பஞ்சாயத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் கோபம் பாதியாகக் குறையும். டொயோட்டாவும் பிஎம்டபிள்யூவும் 2013இல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2019இல் சுப்ரா வந்தது. பிஎம்டபிள்யூ இசட்4 காரும் அதுவும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரே ஆலையில் பிறந்தவை. அதற்கு முன்னே, 2012இல், டொயோட்டா 86உம் சுபாரு பிஆர்இசட்உம் சுபாருவின் பொக்சர் எஞ்சினோடு சுபாருவின் ஆலையிலேயே இரட்டையராக வந்திருந்தன. ஃபியட் 124 ஸ்பைடரை மஸ்தா ஹிரோஷிமாவில் கட்டியது; எஞ்சின் மட்டும் இத்தாலியிலிருந்து வந்தது. காரணம் கணக்குத்தான். புகைச் சட்டங்கள் ஆண்டுக்காண்டு இறுகுகின்றன, புதிய எஞ்சினுக்குப் பெருந்தொகை வேண்டும், ஸ்போர்ட்ஸ் காரோ கொஞ்சம்தான் விற்கும். இரண்டு பேர் சேர்ந்தால் கார் இருக்கும், சேராவிட்டால் காரே இருக்காது.

இலங்கையிலும் இதே கணக்கில் வண்டி கட்டிப் பார்த்தார்கள். 1970களில் உபாலி விஜேவர்தன ஹோமாகமவில் மஸ்தாவையும் ஃபியட்டையும் பொருத்தி விற்றார். பின்னர் மைக்ரோ கொம்பனி கொரியாவின் சாங்யொங்கோடு சேர்ந்து ரெக்ஸ்டன், கைரோன் ஜீப்புகளைக் கொண்டுவந்தது. சாங்யொங் தன் டீசல் எஞ்சின் நுட்பத்தை மெர்சிடிஸிடமிருந்து பெற்றிருந்தது. பென்ஸ் நட்சத்திரம் இல்லாமல் பென்ஸ் எஞ்சின் என்று வாங்கியவர்கள் பெருமையடித்துக்கொண்டதில் நியாயம் உண்டு.

கல்முனைத் தெருவில் இந்தப் பகிர்வு மிக நெருக்கமாகத் தெரிவது ஜப்பானிலிருந்து வந்த சின்ன வேன்களில். சுசுகி எவ்ரி, மஸ்தா ஸ்க்ரம், நிசான் கிளிப்பர், மிட்சுபிஷி மினிகேப். பெயர் நான்கு, சமீபத்திய தலைமுறையில் வேன் ஒன்று. சுசுகி செய்கிறது, மற்ற மூவரும் தங்கள் சின்னத்தை ஒட்டுகிறார்கள். கிளிப்பரில் ஒரு குழப்பமும் உண்டு. 2013க்கு முந்திய கிளிப்பர் மிட்சுபிஷியின் வேன், பிந்தியது சுசுகியின் வேன். பழைய கிளிப்பருக்குப் புதிய கிளிப்பரின் பாட்ஸ் பொருந்தாது. ஸ்க்ரமுக்கு எவ்ரியின் பாட்ஸ் பொருந்தும். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வண்டி வராமல் கிடந்த ஆண்டுகளில், இருக்கிற வண்டியை ஓட வைத்தால் போதும் என்றிருந்தவர்களுக்கு இந்த அறிவு காசுக்குச் சமம். பாட்ஸ் கடையில் போய் மஸ்தாவுக்கு வேண்டும் என்றால், “சேசிஸ் நம்பரச் சொல்லுங்க காக்கா” என்றுதான் பதில் வரும். எவ்ரி என்றால் டிஏ17வி, ஸ்க்ரம் என்றால் டிஜி17வி, கிளிப்பர் டிஆர்17வி, மினிகேப் டிஎஸ்17வி. இரண்டாவது எழுத்து மட்டும் மாறும். உள்ளே நான்கிலும் சுசுகியின் ஆர்06ஏ எஞ்சின், 658 சிசி.