கடன்கல் பெயர்த்த சோலன்

அமெரிக்கப் பத்திரிகைகள் சட்டசபை அங்கத்தினரைச் ‘சோலன்’ என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. மிகக் கொடிய சட்டம் ஒன்றைப் பழிக்க வேண்டுமாயின் ஆங்கிலம் எழுதுவோர் டிரேக்கோவின் பெயரைச் சேர்த்துச் சொல்வர். இவ்விருவரும் கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரத்தார். இவர்கள் சட்டம் செய்த காலங்களுக்கு இடையே முப்பது ஆண்டுகள்கூட இல்லை. ஒருவர் பெயர் வசையாகவும் மற்றவர் பெயர் சிறப்பாகவும் இன்றளவும் நிற்பதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

கி. மு. ஏழாம் நூற்றாண்டில் ஆதென்ஸை ஆண்டவர்கள் ‘யூபட்ரிட்’ எனப்பட்ட குடியினர். ‘நல்ல தந்தையர்க்குப் பிறந்தோர்’ என்பது அச்சொல்லின் பொருள். பிறப்பினாலேயே உயர்ந்தோம் என்னும் கொள்கை எந்த நாட்டிற்கும் புதியதன்று போலும்! ஆண்டுதோறும் நகரத்தை நிர்வகித்த ஒன்பது ஆர்க்கன்களும் இவர்களுள்ளிருந்தே வந்தனர். ஆர்க்கன் பதவி நீங்கியோர் அமரும் அரியோபாகஸ் என்னும் பெரியோர் சபையும் இவர்களுடையதே. சட்டமோ ஏட்டில் இல்லை. இவர்கள் நாவில் இருந்தது. வழக்குக்குச் சென்ற ஏழை, எந்தச் சட்டத்தால் தோற்றோம் என்பதையும் அறியாமலே வீடு திரும்பினான்.

கி. மு. 621 அளவில் டிரேக்கோ சட்டங்களை எழுதி வெளியிட்டார். சிறு திருட்டுக்கும் மரண தண்டனை. அவர் மையால் எழுதவில்லை, இரத்தத்தால் எழுதினார் என்று பிற்காலத்தார் பேசிக்கொண்டனர். எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. எழுதப்பட்ட கொடுமையைக் கொடுமை என்று சுட்டிக்காட்டலாம், மாற்றுமாறு கேட்கலாம். எழுதாச் சட்டத்தை மாற்றுமாறு யாரிடம் கேட்பது? அன்றியும், வேண்டுமென்று செய்த கொலையையும் எண்ணாமல் நேர்ந்த கொலையையும் அவர் பிரித்துரைத்தார். அவருடைய சட்டங்களுள் இக்கொலைச் சட்டத்தை மட்டுமே சோலன் விட்டுவைத்தார்.

நிற்க, ஏழையரின் உண்மையான நோய் வேறு. அது கடன். ஆதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா நாட்டில் ‘ஆறிலொன்றார்’ என்று ஓர் உழவர் வகுப்பு இருந்தது. விளைவில் ஆறிலொரு பங்கை நிலமுடைய செல்வருக்கு அளப்பது இவர்கள் கடமை. நம் பழைய நூல்களில் ஆறிலொன்று அரசனுக்குரிய இறை. அங்கோ அது தனியொருவன் களஞ்சியத்திற்குச் சென்றது. பங்கு அளக்கத் தவறியவனும், விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கியவனும் தன் உடம்பையே ஈடாக வைத்தவன் ஆவான். கடன்பட்ட நிலத்தில் ‘ஹோராஸ்’ என்னும் கல்லை நடுவர். கல் நட்ட நிலத்தை இழந்தபின், மனைவி மக்களோடு உழவனும் அடிமையாவான். சிலர் உள்ளூரிலேயே ஏவல் செய்தனர்; பலர் கடல் கடந்து விற்கப்பட்டனர்.

கலகம் மூளும் நிலையில், கி. மு. 594-இல் இரு சாராரும் உடன்பட்டுச் சோலனை ஆர்க்கனாகவும் நடுவராகவும் அமர்த்தினர். அவர் உயர்குடிப் பிறந்தவர், ஆனால் பெருஞ்செல்வர் அல்லர், கப்பல் வாணிகம் செய்தவர், கவிஞர். அவர் செய்த முதல் செயலுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘சைசாக்தியா’, அதாவது ‘சுமை உதறல்’. நிலத்தின்மேலும் உடம்பின்மேலும் இருந்த கடன்கள் ஒழிக்கப்பட்டன. கடன்கற்கள் பிடுங்கப்பட்டன. இனி எவனும் மனித உடம்பை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தல் ஆகாது என்று சட்டம் பிறந்தது. விற்கப்பட்டோரைத் தேடி மீட்டனர். அவர்களுள் நெடுங்காலம் அயல்நாடுகளில் அலைந்து தாய்மொழியையே மறந்துவிட்டவர்களும் இருந்தனர் என்று சோலன் தம் கவிதையிலேயே குறித்திருக்கிறார். கடன் ஒரு மனிதனிடமிருந்து நிலத்தை எடுத்தது, உடம்பை எடுத்தது, இறுதியில் நாவையும் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கடன் ஒழியப்போகிறது என்பதைச் சோலனிடமிருந்து முன்னரே அறிந்த அவர் நண்பர் சிலர், அவசரமாகப் பெருங்கடன் வாங்கி நிலங்களை வளைத்துக்கொண்டனராம். பழி சோலன்மேல் விழுந்தது. தாம் பிறருக்குக் கொடுத்திருந்த ஐந்து தாலந்துக் கடனை அவரே முதலில் விட்டுக்கொடுத்ததால் அப்பழி நீங்கிற்று என்று புளூடார்க் எழுதுகிறார்.

இவ்வரலாற்றின் பெரும்பகுதியை நாம் அறிவது அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஆதென்ஸ் அரசியல் நூலால். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அந்நூல் எகிப்தில் கிடைத்து 1891-இல் அச்சேறியது. ஒரு பண்ணைக் காரியஸ்தன் எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கின் பின்புறத்தில் அதனைப் படியெடுத்திருந்தனர்!

பின்னர்ச் சோலன் மக்களை விளைவின் அளவால் நான்கு வகுப்பாக்கினார். 500 அளவு விளைப்போர் முதல் வகுப்பு. 300, 200 அளவினர் அடுத்தவர். கூலி உழைப்பாளரான ‘தீட்டுகள்’ கடைசி. பிறப்பின் இடத்தில் பணத்தை வைத்தார் என்று குறை கூறலாம். ஆனால் பணம் வரும் போகும், பிறப்பு மாறாது. மேலும், கடைசி வகுப்பினரும் பொதுச்சபையிலும் நீதிமன்றத்திலும் அமரலாயினர். துன்புற்ற ஒருவனுக்காக எக்குடிமகனும் வழக்காடலாம் என்றும் விதித்தார். ஏழைகள் கேட்ட நிலப் பங்கீட்டை மட்டும் அவர் செய்யவில்லை. ஆதலால் இரு சாராரும் அவரை வெறுத்தனர்.

பாபிலோனின் ஹம்முராபி, கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்றாண்டு உழைத்தபின் விடுதலை பெறுவர் என்றே விதித்தான். ரோமாபுரி கடனடிமையை ஒழித்தது கி. மு. 326-இல். இவற்றோடு ஒப்பிடச் சோலனின் துணிவு விளங்கும். ஆயின் அவர் விடுவித்தது ஆதென்ஸ் குடிகளை மட்டுமே. குடிகளை அடிமையாக்க முடியாமற்போகவே, செல்வர் அயல்நாட்டாரை விலைக்கு வாங்கினர். பிற்காலத்தில் ஆதென்ஸின் பெருமைக்குப் பொருள் தந்த லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் மடிந்தோர் இவர்களே. அவர்களுக்குச் சுமை உதறல் வரவில்லை.

சட்டம் செய்து முடித்த சோலன் பத்தாண்டுகள் நாட்டை நீங்கினார். அவர் திரும்பி வந்தபின், உறவினரான பிசிஸ்ட்ரேட்டஸ் தம் உடம்பில் தாமே காயம் செய்துகொண்டு, பகைவர் தாக்கினர் என்று முறையிட்டுத் தடியேந்திய காவலரைப் பெற்று, கி. மு. 561 அளவில் கோட்டையைக் கைப்பற்றினார். இவ்வாறு முறையின்றி ஆட்சியைப் பற்றியவனுக்கே ‘டைரண்ட்’ என்று பெயர். கொடுங்கோலன் என்னும் பொருள் அதற்குப் பின்னர் ஏறியது. முதியவரான சோலன் எச்சரித்தார், கேட்பார் இல்லை. தம் படைக்கலங்களை வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டு, இயன்றதைச் செய்தேன் என்று கூறி உள்ளே சென்றாராம். பிசிஸ்ட்ரேட்டஸ் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அவர் சட்டங்களுள் பெரும்பாலானவற்றைக் காத்தார். ஏழை உழவருக்குத் தாமே கடன் கொடுத்தும் வந்தார். உடம்பை ஈடாகக் கேட்கும் வழக்கத்தை அவரும் மீட்டுக் கொண்டுவரவில்லை.