கையில் இருந்தது, உரிமை இல்லை!

கழனியைப் பயிரிடச் செய்தவள் அவள். வரி கட்டியவள் அவள். விளைச்சலை வீடு சேர்த்தவளும் அவளே. ஆனால், அந்நிலத்துக்கு உடையவள் மட்டும் அவள் அல்லள்! கணவனை இழந்த பெண்ணின் நிலை, நேற்றுவரை இந்நாட்டில் இதுதான். இந்த விந்தைக்குத் 'தர்மம்' என்று பெயரிட்டது சாத்திரம், தலையாட்டிற்று சட்டம்.

1937-இல் ஒரு சட்டம் வந்தது. கணவனின் பங்கு கைம்பெண்ணுக்கு என்றது. மகிழ்ந்தோமா? ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். தக்க காரணமின்றி விற்கலாகாது. அவள் கண்மூடினால் சொத்து கணவனின் வாரிசுகளுக்கே! பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டுமென்று 1929-லேயே செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு முழங்கியிருக்க, எட்டாண்டு கழித்துக் கிடைத்தது இந்த அரைகுறைதான்.

1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிறந்தது. அதன் 14-ஆம் பிரிவு, பெண்ணின் சுவாதீனத்தில் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. ஆனால், கட்டுப்பாடு விதித்துத் தந்த சொத்துக்கு இது பொருந்தாதென்று அதே பிரிவின் இரண்டாம் பகுதி ஒரு சந்தும் வைத்தது. பங்காளிகள் சும்மா இருப்பார்களா? அந்தச் சந்தில் நுழைந்தனர்!

துளசம்மா வழக்கு அதற்குச் சான்று. 1931-இல் கணவனை இழந்தவர். சீவனாம்சம் கேட்டு வழக்காடியவர். 1949-இல் சமரசமாகச் சொத்துத் தந்தனர், ஆயுள்வரை அனுபவிக்க மட்டும். 1961-இல் அதில் ஒரு பகுதியை அவர் விற்றதும், செல்லாது என்று கிளம்பினர் கணவன் வீட்டார். 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சீவனாம்சம் பிச்சையன்று, முன்பே அவளுக்கிருந்த உரிமை, அதற்கீடாகக் கைக்கு வந்த சொத்து முழுவதும் அவளுடையதே!

தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி 1989-இல், அதுவரை மணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. 2005-இல் மைய அரசின் திருத்தம், மணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாட்டையே நீக்கியது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடியிருப்பு வீட்டில் பெண் பங்கு கேட்கலாகாது என்ற 23-ஆம் பிரிவும் அன்றே ஒழிந்தது.

வல்லடியாக வெளியேற்றினால்? 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 6-ஆம் பிரிவு துணை நிற்கிறது. உரிமைப் பத்திரம் காட்டவேண்டியதில்லை. சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டதைக் காட்டினால் போதும். ஆறு மாதத்துக்குள் வழக்கிடவேண்டும்.

சட்டம் வந்துவிட்டது; மனம் வந்ததா? சீர் வரிசையைக் காட்டிச் சகோதரியிடம் கையொப்பம் வாங்கும் ஏட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? 'விடுதலைப் பத்திரம்'! யாருக்கு விடுதலை? தோழனே, மேடையில் பெண்ணுரிமை பேசுமுன், உன் வீட்டுப் பெட்டியில் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பார்!