சம்பள உச்சவரம்பும் ஆட்டக்காரர் பரிமாற்றமும்: கச்சக் – ஹூபர்டோ பேரம் குறித்த ஒரு மறுமதிப்பீடு

1. சிக்கல்

பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அணி மாறினால் மறுநாளே லாபக் கணக்கு எழுதிவிடுவது விளையாட்டு எழுத்தின் வழக்கம். போனவர் எத்தனை கோல் அடித்தார், வந்தவர் எத்தனை அடித்தார் என்பதே அங்கு அளவுகோல். பணம் உள்ள அணி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றிருந்த காலத்தில் இந்த அளவுகோல் ஓரளவு போதுமானதாக இருந்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.ஹெச்.எல்.லில், 2005–06 முதல் அது போதாது.

2022 ஜூலை 22 அன்று கால்கரி ஃபிளேம்ஸ் அணி, ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணிக்கு மேத்யூ கச்சக்கைக் கொடுத்தது. கூடவே, ஆண்டுதோறும் நடக்கும் இளம் வீரர் தேர்வில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுரிமையும் போனது. பதிலுக்கு ஜோனதன் ஹூபர்டோ, தற்காப்பு ஆட்டக்காரர் மெக்கென்ஸி வீகர், இளம் வீரர் கோல் ஷ்விண்ட், நிபந்தனையுடன் கூடிய 2025 முதல் சுற்றுத் தேர்வுரிமை ஆகியவற்றைப் பெற்றது. அதற்கு முந்தைய பருவத்தில் ஹூபர்டோ 115 புள்ளிகளும் கச்சக் 104 புள்ளிகளும் எடுத்திருந்தனர். கோலும் கோல் உதவியும் சேர்ந்த கணக்கு இது. எண்ணிக்கையால் பார்த்தால் கால்கரியின் கையே ஓங்கியிருந்தது. அன்றைய கருத்துரைகள் பலவும் அப்படியே சொல்லின. அதன்பின் ஃபுளோரிடா தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றுக்குச் சென்று, 2024இலும் 2025இலும் கோப்பையை வென்றது. கால்கரி அந்த மூன்று பருவங்களிலும் பிளே–ஆஃப் சுற்றையே எட்டவில்லை.

கோப்பைகளைக் காட்டி ஃபுளோரிடாவுக்கு வெற்றி எழுதுவதும் முதல்நாள் தீர்ப்பைப் போலவே மேலோட்டமானது. இக்கட்டுரையின் வாதம் இரண்டு. ஒன்று, உச்சவரம்புள்ள லீகில் பரிமாற்றத்தை அளக்க வேண்டிய அலகு, வரும் ஆண்டுகளில் எந்த அணியின் வரம்பில் எவ்வளவு இடம் அடைபடுகிறது என்பது. இரண்டு, பரிமாற்றமும் அதைத் தொடரும் புதிய ஒப்பந்தமும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் கால்கரி குறித்த மதிப்பீடு குழம்புகிறது.

2. விதியின் அமைப்பு

2004–05 பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பிறகே உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் அது 3.9 கோடி டாலர், 2022–23இல் 8.25 கோடி. பேஸ்பாலில் இருப்பதுபோல் கூடுதல் வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வழி இங்கில்லை. வரம்பு லீகின் வருவாயைச் சார்ந்தது; வருவாயில் பாதி ஆட்டக்காரர்களுக்குரியது. கோவிட் காலத்தில் வருவாய் சரிந்ததால் 2019–20 தொடங்கி மூன்று பருவங்கள் வரம்பு 8.15 கோடியிலேயே நின்றது. நம் பேரம் நடந்தது இந்த நெருக்கடியின் முடிவில்.

ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியே அணியின் வரம்புக் கணக்கில் ஏறும். எந்த ஆண்டு எவ்வளவு கையில் கொடுக்கப்பட்டது என்பது பொருட்டல்ல. ஐ.பி.எல்.லிலும் செலவு வரம்பு உண்டு; ஆனால் அங்கே பெரும் ஏலம் வரும்போது பெரும்பகுதிக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். என்.ஹெச்.எல்.லில் 29 வயதில் போட்ட கையெழுத்து 38 வயது வரை அணியின் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு விதியும் இங்கே முக்கியம். தன் ஆட்டக்காரருக்கு அணி 8 ஆண்டு ஒப்பந்தம் தரலாம். பிற அணியிலிருந்து விடுபட்டு வருபவருக்கு 7 ஆண்டுகளே தரலாம். எனவே கச்சக் முதலில் கால்கரியுடன் 8 ஆண்டுக்கு 7.6 கோடி டாலர் என ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஒப்பந்தத்தோடு ஃபுளோரிடாவுக்குப் போனார். ஆண்டுச் சராசரி 95 லட்சம்.

3. இரு அணிகளின் கணக்கு

2021–22இல் ஃபுளோரிடா 122 தரவரிசைப் புள்ளிகளுடன் லீகின் முதலிடத்தில் முடித்தது. ஆனால் இரண்டாம் சுற்றில் டாம்பா பேயிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. கால்கரி 111 புள்ளிகளுடன் பசிபிக் பிரிவில் முதலிடம். ஆனால் ஜூலையில் அதன் நட்சத்திரம் ஜானி குட்ரோ ஒப்பந்தம் முடிந்து கொலம்பஸுக்குப் போனார்; அணிக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சில நாள்களில், நீண்டகால ஒப்பந்தத்துக்குத் தான் இசையப்போவதில்லை என்று கச்சக்கும் தெரிவித்துவிட்டார். இன்னும் ஓராண்டு போனால் அவரும் விரும்பிய அணிக்குப் போகக்கூடிய கட்டற்றவர்.

இப்போது வரம்புக் கணக்கைப் பார்ப்போம். ஹூபர்டோவின் ஆண்டுச் சராசரி 59 லட்சம், வீகரின் சராசரி 32.5 லட்சம், ஆக ஃபுளோரிடாவை விட்டுப் போனது 91.5 லட்சம். உள்ளே வந்தது கச்சக்கின் 95 லட்சம். வித்தியாசம் 3.5 லட்சம், அதாவது அவ்வாண்டு வரம்பில் அரை சதவீதம்கூட இல்லை. 2022–23ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் தராசு ஏறக்குறைய சமம். ஒரே சம்பள இடத்துக்கு இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கிய ஃபுளோரிடா ஏமாந்ததாகவே தோன்றும்.

ஆனால் ஹூபர்டோ, வீகர் இருவரின் ஒப்பந்தங்களும் 2023 கோடையில் முடிவடைய இருந்தன. பரிமாற்றம் நடந்து இரண்டே வாரத்தில், கால்கரிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுமுன், ஹூபர்டோ 8 ஆண்டுக்கு 8.4 கோடியில் கையெழுத்திட்டார். சராசரி 1 கோடியே 5 லட்சம். அக்டோபரில் வீகர் 8 ஆண்டுக்கு 5 கோடி பெற்றார், சராசரி 62.5 லட்சம். 91.5 லட்சத்துக்கு ஆடிய அதே இருவர், 2023–24 முதல் 1 கோடியே 67.5 லட்சம் ஆனார்கள். அவ்வாண்டு வரம்பு 8.35 கோடி. அதில் இவ்விருவர் பங்கு 20 சதவீதம். கச்சக்கின் பங்கு 11.4 சதவீதம்.

ஃபுளோரிடா இருவரையும் தக்கவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அணித்தலைவர் பார்கோவின் சராசரி அதே 2022 இலையுதிர்காலத்தில் 59 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு ஏறியது. கோல்காவலர் பாப்ரோவ்ஸ்கிக்கு ஏற்கெனவே 1 கோடி. இவர்களோடு கால்கரி கொடுத்த விலையில் ஹூபர்டோவையும் சேர்த்தால், மூவருக்கே 3 கோடியே 5 லட்சம். வரம்பில் 36 சதவீதத்துக்கும் மேல். பழகிய அணிக்காக அவர் சற்றுக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை பெரிதும் மாறாது. ஃபுளோரிடாவின் பொது மேலாளர் பில் ஸிட்டோ இந்தப் பேரத்தில் வாங்கியது 24 வயது ஆட்டக்காரர் ஒருவரை மட்டுமன்று; ஓராண்டுக்குப் பின் வரவிருந்த சம்பள ஏற்றத்திலிருந்து விடுதலையையும் சேர்த்து வாங்கினார்.

அந்த விடுதலை என்ன செய்தது என்பதை 2023 கோடையில் காணலாம். ராட்ரிக்ஸ் 30 லட்சம், மிக்கோலா 25 லட்சம், எக்மன்–லார்சன் 22.5 லட்சம், குலிகோவ் 10 லட்சம் என 87.5 லட்சத்துக்கு நால்வர் வந்தனர். நால்வரும் 2024 கோப்பை அணியில் ஆடியவர்கள். வேறு சில ஒப்பந்தங்களும் அப்போது முடிந்ததால், இவர்களுக்கான இடம் முழுவதும் இப்பேரத்தின் பயன் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஹூபர்டோவும் வீகரும் புதிய விலையில் அங்கேயே இருந்திருந்தால் இந்த அளவுக்குச் சேர்க்க வழியிருந்திருக்காது.

கால்கரியின் பக்கம் செலவு அத்துடன் நிற்கவில்லை. ஆகஸ்ட் 18 அன்று நாஸெம் கத்ரியை ஆண்டுக்கு 70 லட்சம் என 7 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்கு இடம் ஏற்படுத்த, 63.75 லட்சம் சராசரி கொண்ட ஷான் மோனஹனை மாண்ட்ரியாலிடம் ஒப்படைத்து, அவரை ஏற்றுக்கொண்டதற்காக ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் கொடுத்தது. 2025 தேர்வில் மாண்ட்ரியாலுக்குப் போன அந்த உரிமை 16ஆம் இடத்தில் விழுந்தது. ஃபுளோரிடாவிடமிருந்து கால்கரி பெற்ற உரிமையோ, ஃபுளோரிடா கோப்பை வென்றதால் 32ஆம் இடம், முதல் சுற்றின் கடைசி.

4. மறுப்புகள்

"இதெல்லாம் நடந்து முடிந்த பின் சொல்லும் ஞானம்" என்பது முதல் மறுப்பு. ஹூபர்டோ 115இலிருந்து 55 புள்ளிக்கு விழுவார் என்று யாராலும் கணித்திருக்க முடியாது என்பது உண்மை. அடுத்த இரு பருவங்களில் 52, 62 என்றே அவர் நின்றார். ஆனால் என் வாதம் அந்தச் சரிவை நம்பியிருக்கவில்லை. கச்சக்கின் ஒப்பந்தம் அவரது 32ஆம் வயதில் முடியும். ஹூபர்டோவின் புதிய ஒப்பந்தம் 30ஆம் வயதில் தொடங்கி 38இல் முடியும். இந்த வயதுகளும் காலாவதித் தேதிகளும் கையெழுத்திட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் 80 புள்ளி எடுத்திருந்தாலும் ஒப்பந்தத்தின் பின்பாதி பாரமாகவே இருந்திருக்கும்.

கால்கரிக்கு வேறு வழியில்லை என்பது இரண்டாவது மறுப்பு. பரிமாற்றத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். போக முடிவெடுத்துவிட்ட ஆட்டக்காரருக்கு ஈடாக, மலிவான ஒப்பந்தத்தில் இருந்த இரு முன்னணி வீரர்களையும் ஒரு முதல் சுற்று உரிமையையும் பெற்றது அன்றைய பொது மேலாளர் பிராட் ட்ரெலிவிங்கின் திறமை. தவறு அடுத்த இரு வாரத்தில் நேர்ந்தது. ஹூபர்டோவின் 59 லட்ச ஒப்பந்தத்தில் ஒரு பருவம் மிச்சமிருந்தது. புதிய அணியில் அவர் எப்படிப் பொருந்துகிறார் என்று பார்த்திருக்கலாம். பொருந்தாவிட்டால் 2023 மார்ச்சில் வந்த பரிமாற்றக் கெடுவுக்குமுன் மாற்றியிருக்கலாம். சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கில் வைத்துக்கொண்டு மாற்ற விதி இடம் தருவதால், வாங்க வருவோருக்கும் குறைவிருந்திருக்காது. குட்ரோ ஈடின்றிப் போன காயம் ஆறாத நிலையில், மீண்டும் அப்படி நடக்கக் கூடாது என்ற அச்சம் அந்த அவசரத்தை விளக்குகிறது, நியாயப்படுத்தவில்லை. வீகரின் ஒப்பந்தமோ தன் விலைக்கு ஈடு கொடுத்தது: 2023–24இல் தற்காப்பிலிருந்து 20 கோல் அடித்தார். ஒரே பேரத்தில் வந்த இருவருக்கு இருவேறு தீர்ப்பு எழுத வேண்டியிருப்பதே, பரிமாற்றத்தையும் ஒப்பந்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சான்று.

மூன்றாவது மறுப்பு வலுவானது: உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் களம் சமமன்று. ஃபுளோரிடா மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. கால்கரி உள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தில் உச்ச வருமானத்துக்குக் கூட்டரசு, மாகாண வரிகள் சேர்ந்து 48 சதவீதம். அதே 95 லட்சம் இரண்டு ஊர்களில் இரண்டு தொகை. 2025இல் கச்சக் காயமுற்று நீண்டகாலக் காயப்பட்டியலுக்குப் போனபோது கிடைத்த இடத்தின் உதவியால் சேத் ஜோன்ஸும் பிராட் மார்ஷாண்டும் வந்தனர். பிளே–ஆஃபில் அப்போது வரம்பு இல்லாததால் கச்சக்கும் திரும்பி வந்து ஆடினார். எனவே 2025 கோப்பையை 2022 பேரத்தின் கணக்கில் அப்படியே வரவு வைக்கக் கூடாது. 2025–26 முதல் பிளே–ஆஃபுக்கும் வரம்பு உண்டு. ஆனால் இந்த மறுப்பு ஃபுளோரிடாவின் புகழைக் குறைக்கிறதே தவிர, கால்கரி தானாக ஏற்றுக்கொண்ட எட்டு ஆண்டுச் சுமையைக் குறைக்கவில்லை.

5. முடிவு

உயரும் வரம்பு இச்சுமையை ஓரளவு கரைக்கும். 2025–26இல் 9.55 கோடி, 2026–27இல் 10.4 கோடி, 2027–28இல் 11.35 கோடி என வரம்பு ஏற, 2023–24இல் 12.6 சதவீதமாக இருந்த ஹூபர்டோவின் பங்கு 9.3 சதவீதமாகக் குறையும். ஆனால் அதே வேகத்தில் வயதும் ஏறும். ஃபுளோரிடாவின் கணக்கும் அதே விகிதத்தில் இலகுவாகும். ஆக, வரம்பின் உயர்வு தவறான ஒப்பந்தத்தைப் பொறுக்கத்தக்கதாக்குமே தவிர, போட்டி அணியோடு உள்ள இடைவெளியை நிரப்பாது.

இப்பேரம் தரும் முறையியல் பாடத்துக்கு விரைவில் சோதனை வரும். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட, 2026 செப்டம்பரில் தொடங்கும் கூட்டு ஒப்பந்தம், சொந்த அணி தரும் ஒப்பந்தத்தின் உச்ச காலத்தை 8இலிருந்து 7 ஆண்டாகவும் மற்றவர்களுக்கு 6 ஆண்டாகவும் குறைக்கிறது. கச்சக்கின் 7.6 கோடியை 7 ஆண்டால் வகுத்தால் சராசரி 1 கோடியே 8.5 லட்சத்தைத் தாண்டும். ஹூபர்டோவின் விலையைவிட அது கூடுதல். ஃபுளோரிடா பெற்ற சாதகத்தில் ஒரு பகுதி எட்டாவது ஆண்டிலிருந்து வந்தது என்பது இதனால் தெளிவாகிறது. இனி வரும் பெரிய பேரங்களில் அந்தச் சாதகம் சுருங்கும். ஆகவே காலாவதியை நெருங்கும் மலிவான ஒப்பந்தங்களை வாங்கும் அணி, அவற்றை உடனே நீட்டிக்காமல் காத்திருக்கும் துணிவைப் பொறுத்தே லாபமோ நட்டமோ அடையும்.