வட்டுக்கோட்டை வரலாற்றில் வைத்தியமும் வழிகாட்டலும்

வாழ்க்கை ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கும்போது மனிதன் இரு வினாக்களுள் ஒன்றை எழுப்புகிறான். 'எனக்கு நேர்ந்தது யாது?' என்பது ஒன்று. 'இனி யான் செய்யக்கடவது யாது?' என்பது மற்றொன்று. முன்னையதற்கு விடை காண்பவன் வைத்தியன். பின்னையதற்கு விடை காண உதவுபவன் வழிகாட்டி. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதால் விளையும் கேடு தனிமனிதரைச் சார்ந்தது மட்டுமன்று. நிறுவனங்களும் அக்கேட்டுக்கு ஆளாவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட்டுக்கோட்டை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து நூல்களாகக் கொள்ளப்படுவனவற்றுள் செகராசசேகரம் வைத்தியங் கூறுவது. செகராசசேகரமாலை சோதிடங் கூறுவது. ஒரே அரச பட்டப்பெயரைத் தாங்கிய நூல்களாயினும் இவற்றின் பணி வேறு. ஊர் வழக்கிலும் நோய்க்குப் பரிகாரியாரையும், மணம், தொழில், பயணம் ஆகியவற்றுக்குச் சாத்திரியாரையும் மக்கள் நாடினர். பரிகாரியார் முதலிற் செய்வது 'நிதானம்', அதாவது நோயின் காரணத்தைத் துணிதல். சாத்திரியாரோ நடந்ததைவிட நடக்கவிருப்பதையே பெரிதும் பேசுவார். எனினும் உள்ளத்து நோய் என வரும்போது இவ்வெல்லை மறைந்துவிடுவதுண்டு. வைத்தியம் வேண்டியவன் கிரகபலன் கேட்கச் சென்று காலங் கழித்தமை நம் சமூகம் அறியாததன்று.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிற் குடாநாட்டிற் பணி தொடங்கினர். அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, தானியேல் பூர், ஹொய்சிங்ரன் ஆகியோர் தலைமையில் உயர்கல்விக் கூடமாக வளர்ந்தது. தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானியலும், மேனாட்டுத் தத்துவமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1841இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியப் பணியை ஏற்றோரும் அதன் மாணாக்கரே.

ஆயின் அம்மாணாக்கர் நிலை எளியதன்று. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்கள் அவர்களுட் பலருக்குச் சூட்டப்பட்டன. சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். வீட்டில் ஒரு பெயரும் விடுதியில் மற்றொரு பெயரும், இல்லத்திற் சைவமும் கல்லூரியிற் கிறித்தவமும், கற்றதோ பரந்த அறிவும் கிடைப்பதோ சில உத்தியோகங்களும் என்ற இழுபறியில் அவ்விளைஞர் நின்றனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின் இவ்விழுபறி மேலும் கூர்மையுற்றது.

1855இல் அமெரிக்க மிசன் தலைமைப்பீடத்தின் சார்பில் றூபஸ் அன்டர்சன் குழுவினர் யாழ்ப்பாணம் வந்து நிலைமையை ஆராய்ந்தனர். மாணவர் ஆங்கிலத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடியே வருகின்றனர். சமயப் பணிக்கு வருவோர் சிலரே என்பது அவர்கள் கண்ட முடிபு. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. மிசனின் நோக்கம் சமயம் பரப்புதலாதலின் அம்முடிபில் ஒரு நியாயம் உண்டென்பதை மறுத்தல் இயலாது. எனினும் மாணவரின் உத்தியோக நாட்டம் ஒரு நோயின் குறியாகவே கொள்ளப்பட்டது. உண்மையில் அது பிணியன்று; கற்றவன் செல்ல வழியின்றி நின்ற நிலை. வழி வேண்டியவர்க்குச் சிகிச்சை செய்யப் புகுந்தமையே இங்கு நேர்ந்த பிழை எனலாம்.

பின்வந்த நிகழ்ச்சிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. செமினரியிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஆசிரியராயிருந்த காலத்திற் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அவரைத் 'தினவர்த்தமானி'யின் ஆசிரியப் பொறுப்புக்கெனச் சென்னைக்கு அழைத்தார். தாமோதரம்பிள்ளையும் அதே செமினரியைச் சேர்ந்த கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தொல்காப்பியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்த பெருமகனின் வாழ்வில் அவ்வழைப்பு ஒரு திருப்பம். பேர்சிவல் செய்தது சிகிச்சையன்று. திறன் கண்டு திசை காட்டியமையே. வட்டுக்கோட்டையிலும் ஊரவரின் வேட்கை தணியவில்லை. 1872இல் அங்கு யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

வைத்தியத்தின் பங்கு சிறிதென இதனாற் கருதுதல் பொருந்தாது. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து அடுத்த ஆண்டிலே மானிப்பாய்க்குச் சென்ற வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருவகைப் பணியையும் வேறுபடுத்தி, இரண்டையுஞ் செய்தவர். நோயாளிக்கு அவர் வைத்தியர். இளைஞர்க்கு அவர் ஆசிரியர். அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் வைத்தியராக்கினார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க சேவை நாடி வெளியூர் செல்வதைக் கண்ட அவர் 1860களிலே தமிழிற் கற்பிக்கலானார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அன்டர்சன் கண்ட அதே உத்தியோக நாட்டத்தைக் கிறீனுங் கண்டார். அவர் அதனைப் பழித்து நின்றுவிடாது, ஊரிலேயே வாழ்ந்து பிழைப்பதற்கொரு தொழிலை உண்டாக்கினார். இருவருக்குமுள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது.

இக்கால மாணவருக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று தொழில் வழிகாட்டல் அலகுகளும் மாணவ ஆலோசகர்களும் தனித்தனியே உளர். வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள. உளவளத்துணை என்னும் சொல்லும் வழக்கூன்றியுள்ளது. எங்குச் செல்வதென்பதே வினா. உறக்கமும் பசியும் வாரக்கணக்கிற் குன்றுதல், முன்னர் இன்பந் தந்தவை சுவையற்றுப் போதல், சுற்றத்தை விட்டு ஒதுங்கல், பழைய இழப்போ போர்க்கால நினைவோ ஓயாது மீளல் ஆகியவை காணப்படின் அவை நிதானத்துக்குரியன. அங்கு 'முயன்றால் முடியும்' என்னும் ஊக்கவுரை உதவாது. இயலாமையின் மேற் குற்றவுணர்வையுஞ் சுமத்தும். உயிரை மாய்க்கும் எண்ணந் தோன்றின் வைத்திய உதவியை உடனே நாடுதல் வேண்டும். 1995இல் இலங்கையிலே தற்கொலை ஓரிலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை எட்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளின் இதன் அவசரம் புலனாகும்.

அவ்வாறன்றி உடலும் உள்ளமும் தம் தொழிலைச் செய்ய, எத்துறை, எவ்வூர், எப்பணி என்பதிலே மட்டும் ஒருவன் தயங்கி நிற்பானாயின் அவனுக்கு வேண்டுவது வழிகாட்டியே. அவனை நோயாளியாக்குதல் தகாது. இரண்டும் கலந்துள்ளவிடத்து நிதானமே முந்தியது. காலிற் காயமுள்ளவனுக்குப் பாதையைக் காட்டுமுன் காயத்தை ஆற்றுதல் வேண்டும்.

செமினரி மூடப்பட்டபோது எழுந்திருக்க வேண்டிய கேள்வி, அங்கிருந்த இளைஞருக்கு வேண்டுவது யாது என்பதே. வைத்தியராயினும் வழிகாட்டியாயினும் அக்கேள்வியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.