சுமையை இறக்கி வையுங்கள்

சின்ன வயதில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைந்து, வீட்டு ரேடியோவைப் பிரித்து, அப்பாவிடம் அடி வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் ஸ்பீக்கரின் உள் அவயவங்கள் உங்களுக்கு அத்துப்படி. ஒரு காகிதக் கூம்பு. அதன் கழுத்தில் கம்பிச் சுருள். பின்னால் காந்தம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு இன்ஜினீயர்கள் 1925-ல் இதைப்பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கு உங்கள் கைபேசிக்குள் இருப்பதுகூட அந்தக் கூம்பின் கொள்ளுப்பேத்திதான்.

ஆனால் கூம்பில் ஒரு கஷ்டம் இருக்கிறது. சுருள் கழுத்தைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. கூம்பின் விளிம்புக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அது தன் இஷ்டத்துக்கு நெளிய ஆரம்பித்துவிடும். கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல், உடம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் அசைத்தால்? இந்தக் கேள்வி அதே கெல்லாக்கையும் குடைந்திருக்க வேண்டும். 1934-ல் அவர் பெயரில் ஒரு பேட்டன்ட் பதிவானது. அதில் காந்தம் இல்லை, கூம்பு இல்லை. துளை போட்ட இரண்டு தகடுகள், நடுவே ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம். தகடுகளில் சங்கீதத்தை மின்சாரமாக அனுப்பினால், ஒரு தகடு இழுக்கும், இன்னொன்று தள்ளும். சவ்வு முழுசாக ஆடும். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்று பெயர்.

யோசனை சரி, சவ்வுக்கு எங்கே போவது? இரண்டாம் உலகப்போர் முடிந்து, நல்ல பிளாஸ்டிக் படலங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்கிற சிற்றூரில் பீட்டர் வாக்கர் என்பவர் ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தார். 'குவாட்' என்ற பெயரில் ஆம்ப்ளிஃபையர் செய்து விற்றவர். 1955-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் பற்றி எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1957-ல் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். பார்ப்பதற்கு, குளிர் தேசத்து வீடுகளில் சுவரோரம் நிற்குமே, ரூம் ஹீட்டர், அச்சு அசல் அதேதான்! ஸ்பீக்கர் என்று சொன்னால்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு மனிதக் குரலைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் அந்தச் சவ்வு. கனமே இல்லாததால் சங்கீதம் நின்ற கணத்தில் தானும் நின்றுவிடும். பாடகர் மூச்சு இழுப்பது கேட்கும். 1985 வரை, ஏறக்குறைய முப்பது வருஷம், பெரிய மாற்றமில்லாமல் ஒரு ஸ்பீக்கர் விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, பேஸ்?

அங்கேதான் உதைத்தது. ஒரு பனையோலை விசிறியை எடுத்து வேகமாக வீசுங்கள், காற்று முகத்தில் அடிக்கும். அதையே மெதுவாக ஆட்டிப் பாருங்கள். முன்னால் தள்ளிய காற்று, விளிம்பைச் சுற்றிக்கொண்டு சமர்த்தாகப் பின்னால் போய்விடும். தட்டை ஸ்பீக்கருக்கும் இதே கதி. அதற்குப் பெட்டி கிடையாது, முதுகு திறந்தே இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். பலகையின் அகலமோ ஒரு மீட்டர்கூட இல்லை. முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி வந்து தின்றுவிடும். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குச் சவ்வு நாலு மடங்கு அசைய வேண்டும். திறந்த முதுகுக்காரருக்கு எட்டு மடங்கு! தகடுகளுக்கு நடுவே இருப்பதோ சில மில்லிமீட்டர் இடைவெளி. எங்கே போய் ஆடுவது?

1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜிம் வைனி என்பவர் உயர் வோல்ட் வம்பே வேண்டாம் என்று, சவ்வில் கம்பியை ஒட்டி, காந்தப் பட்டைகளின் எதிரே நிறுத்தி, 'மேக்னபேன்' கம்பெனியைத் தொடங்கினார். விலை குறைந்தது. ஆனால் அந்தத் திறந்த முதுகு அப்படியேதான் இருந்தது.

மனித சுபாவம் என்ன செய்யும்? குறைகிறதா, கூடச் சேர்! பெரிய வூஃபரை வாங்கி, தட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார்கள். வைத்தவர்கள் நொந்துபோனார்கள். சேரவில்லை. மேலே பட்டுப் போலக் குரல், கீழே எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி 'தும் தும்'. 'மெல்லிய சவ்வு வேகமானது, வூஃபர் மந்தமானது, இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தாது' என்று ஒரு சாஸ்திரமே கிளம்பிவிட்டது. அதை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு.

எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 50 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 50 தடவை, அவ்வளவுதான். அதை மெதுவாக வாசிக்க எந்த வூஃபராலும் முடியாது. மந்தமாகத் தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அறையின் எதிரொலி. மிச்சம், ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் பாடியது. தட்டை ஸ்பீக்கர் தன்னால் முடியாத பேஸையும் முக்கி முனகிக்கொண்டிருக்க, வூஃபரும் அதையே பாட, இருவருக்கும் காலப்பிரமாணம் ஒத்துப்போகவில்லை. ஓர் இடத்தில் கூடிப்போகும், ஓர் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

இதற்கு மருந்து ஹை பாஸ் ஃபில்டர். பயப்படாதீர்கள், ஒரு சல்லடைதான். மேல் ஸ்வரங்களைப் போகவிட்டு, கீழ் ஸ்வரங்களைத் தடுத்து நிறுத்தும். வூஃபருக்கு லோ பாஸ் போட்டு மேல் ஸ்வரங்களை வெட்டுவது எல்லோருக்கும் சட்டென்று தோன்றியது. ஆனால் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கிய அருமையான ஸ்பீக்கரிலிருந்து பேஸைப் பிடுங்குவதா? மனசு வரவில்லை. பிடுங்கினால்தான் அது உருப்படும் என்பதுதான் விஷயம். கீழ் ஸ்வரச் சுமை போனதும் சவ்வு அதிகம் ஆட வேண்டியதில்லை. இன்னும் உரக்க, இன்னும் தெளிவாகப் பாடும். ஆம்ப்ளிஃபையரும் பெருமூச்சு விடும்.

இதைத் தயங்காமல் செய்தவர்களில் மார்க் லெவின்சன் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த 'எச்.க்யூ.டி.' சிஸ்டம், ஆடியோ பைத்தியங்களுக்கு இன்றும் ஒரு புராணம். பக்கத்துக்கு இரண்டு குவாட் ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உச்சஸ்தாயிக்கு டெக்கா ரிப்பன். கீழே, 24 அங்குல ஹார்ட்லி வூஃபர். நம் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுத் தாம்பாளம் அளவு! குவாடின் வேலை ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். அது 45 வரை இறங்கும் என்று கம்பெனி சொன்னபோதும், அங்கே போக விடவில்லை. சவ்வு தானாகத் தடுமாறத் தொடங்கும் இடத்துக்கு நன்றாக மேலேயே வெட்டிவிட்டால், அந்தத் தடுமாற்றம் கணக்கைக் குழப்பாது.

வெட்டினால் போதுமா, தையலும் தெரிய வேண்டுமே! 1976-ல் ஹூலெட் பேக்கார்டில் வேலை பார்த்த ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் ஒரு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். சக ஊழியர் ரஸ் ரைலியின் பெயரும் சேர்ந்து அது 'லிங்க்விட்ஸ்-ரைலி' ஃபில்டர் ஆயிற்று. இரண்டு ஸ்பீக்கரும் சந்திக்கிற இடத்தில் இருவரும் ஒரே அழுத்தத்தில், ஒரே அடி எடுத்து வைப்பார்கள். இரண்டும் கூடினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பின்லாந்தின் 'கிரேடியன்ட்' கம்பெனி இன்னொரு படி போய், குவாடுக்கென்றே வூஃபரையும் திறந்த முதுகோடு செய்தது. சம்பந்தி வீட்டு வழக்கத்துக்கே மாறிவிட்ட மாதிரி.

நண்பர் ஒருவர் தட்டை ஸ்பீக்கர்களோடு ஒரு சப்-வூஃபரை வாங்கி ஆறு மாதம் அவஸ்தைப்பட்டார். சப்-வூஃபரை மூலைக்கு மூலை நகர்த்தினார். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். விற்றுவிடுகிறேன் என்றார். அவருடைய பவர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை 47,000 ஓம். 80 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான். 0.042 மைக்ரோஃபாரட் வந்தது. சேனலுக்கு ஒன்று என்று கடலைமிட்டாய்த் துண்டு அளவில் இரண்டு கெபாசிட்டர்கள். லிங்க்விட்ஸ் இதைப் பார்த்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார். ஒற்றைக் கெபாசிட்டர் ஸ்தாயிக்கு 6 டெசிபல்தான் குறைக்கும், ரொம்பச் சாதுவான சல்லடை. பரவாயில்லை என்று வைத்தோம்.

மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று போட்டார். வலந்தலையும் தொப்பியும் ஒரே ஆள் வாசிப்பதுதானே, முன்பெல்லாம் அவர் வீட்டில் இரண்டு பேர் தனித்தனி அறையில் வாசிப்பது போலிருக்கும். இந்தத் தடவை கும்கி விழுந்தபோது, நான் வழக்கம்போல மூலையில் இருந்த சப்-வூஃபரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் அங்கிருந்து வரவில்லை, நேர் எதிரே வந்தது. நண்பர் எழுந்து போய், சப்-வூஃபரில் விரலை வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. ஓடிக்கொண்டுதான் இருந்தது.